தாய்மாமனுக்குச் சிறுகுடலில் ஓட்டை, ஆபரேஷன் முடிந்து வயிற்றில் பை: ஏன் வந்தது, எப்போது மூடுவார்கள்? (சித்தூர், கொழிஞ்சாம்பாறை பக்கம்)

கொழிஞ்சைக்காரன்

வணக்கம். மருத்துவம் தெரிந்தவர்கள் சிலர் இங்கே உண்டு என்பதால் எழுதுகிறேன்.

என் தாய்மாமனுக்கு வயது 46. தென்னையில் கள் இறக்கும் வேலை. இரண்டு வாரத்துக்கு மேலாகக் காய்ச்சல் இருந்தது. மெடிக்கலில் காய்ச்சல் மாத்திரையும் உடம்பு வலி மாத்திரையும் வாங்கிப் போட்டுக்கொண்டு மரம் ஏறிக்கொண்டுதான் இருந்தார். ஒரு நாள் காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது. அன்று மத்தியானமே வயிறு பிடித்துக்கொண்டது. வாயு என்று நினைத்துப் பாட்டி விளக்கெண்ணெய் கொடுத்தார். ராத்திரி வயிறு கல்லாக இறுகிவிட்டது. தொடவே விடவில்லை. விடிந்ததும் கோவைக்குக் கொண்டுபோனோம்.

எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் எல்லாம் பார்த்துவிட்டு, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் ஓட்டை, உடனே திறக்க வேண்டும் என்றார்கள். இப்போது ஐசியுவிலிருந்து வார்டுக்கு வந்துவிட்டார். வலது பக்க அடிவயிற்றில் குடலை வெளியே எடுத்துப் பை மாட்டியிருக்கிறார்கள்.

அவருக்கு அல்சர் எதுவும் கிடையாது. பிறகு ஓட்டை எப்படி? ஓட்டையைத் தைத்து மூடாமல் பை எதற்கு? சொந்தக்காரர்கள் வந்து "கேஸ் கைமீறிப் போனால்தான் பை வைப்பார்கள், இனி ஆயுசுக்கும் இப்படித்தான்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அத்தை அழுதுகொண்டே இருக்கிறார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது கேட்கவும் முடியவில்லை, வந்த வேகத்தில் போய்விடுகிறார்.

பனங்காட்டு நரி

கள்ளுதான். இதில் கேட்க என்ன இருக்கிறது? இப்போது வருவதெல்லாம் பாதி தண்ணீர், பாதி மருந்து. வெறும் வயிற்றில் அதைக் குடித்து மேலே மிளகாய் போட்ட தொடுகறி சாப்பிட்டால் குடல் எத்தனை நாள் தாங்கும்?

கொழிஞ்சைக்காரன்

அண்ணா, மாமா இறக்குவதோடு சரி, குடிப்பதில்லை. ஊரில் கேட்டுப் பாருங்கள்.

ஓய்வுபெற்ற கத்தி

தம்பி, ஐசியு தாண்டி வார்டுக்கு வந்துவிட்டார் என்பது நல்ல செய்தி. நான் பொள்ளாச்சிப் பக்கம் பொது அறுவை சிகிச்சை செய்து ஓய்வு பெற்றவன். கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் பேசுகிறேன், அதனால் இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அல்சர். நம் பக்கம் வயிற்றில் எந்த ஓட்டை என்றாலும் "அல்சர் வெடித்துவிட்டது" என்பார்கள். அது இரைப்பையிலோ, அதற்கு அடுத்த டியோடினத்திலோ வருவது. எச். பைலோரி கிருமி, வலி மாத்திரை, பீடி சிகரெட் இவைதான் அங்கே பெரும்பாலும் காரணம். டியோடினமும் சிறுகுடலின் முதல் பாகம்தான், ஆனால் அந்த நோய் வேறு, வைத்தியமும் வேறு. அங்கே வயிற்றுக்குள் தொங்கும் கொழுப்புத் திரையில் ஒரு துண்டை ஓட்டையின் மேல் வைத்துத் தைத்தால் வேலை முடிந்தது.

உங்கள் மாமாவுக்கு வந்தது அங்கிருந்து பல அடி தள்ளி. பெரியவர்களுக்குச் சிறுகுடல் சுமார் 6 மீட்டர் நீளம். அது பெருங்குடலோடு சேரும் இடம் வலது அடிவயிறு, குடல்வால் இருக்கும் அதே மூலை. சிறுகுடலின் அந்தக் கடைசிப் பாகத்துக்கு இலியம் என்று பெயர். இலியத்தின் கடைசி இரண்டடி டைஃபாய்டுக்குப் பிடித்த இடம்.

காரணம் இதுதான். அந்தப் பகுதியின் உள்சுவரில் நோய் எதிர்ப்பு அணுக்கள் கூட்டமாக உட்கார்ந்திருக்கும் திட்டுகள் உண்டு. 1677இல் பேயர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் விவரித்ததால் அவர் பெயரில் பேயர் திட்டுகள் என்கிறோம். டைஃபாய்டு கிருமி உள்ளே நுழைவதும் தங்கிப் பெருகுவதும் அங்கேதான். திட்டு வீங்கும், அழுகும், உதிரும். உதிர்ந்த இடம் புண். புண் ஆழமாகிச் சுவரைத் தாண்டினால் ஓட்டை. இதற்கெல்லாம் இரண்டு மூன்று வாரம் பிடிக்கும் என்பதால் காய்ச்சலின் இரண்டாவது, மூன்றாவது வாரத்தில்தான் குடல் உடையும். நீங்கள் சொன்ன காலக்கணக்கு அப்படியே பொருந்துகிறது.

காய்ச்சல் விட்ட மாதிரி இருந்தது என்றீர்களே, அதை நிறைய வீடுகளில் கேட்டிருக்கிறேன். ஓட்டை விழும் நேரத்தில் உடம்புச் சூடு இறங்கி நாடித் துடிப்பு மட்டும் ஏறுவது உண்டு. டைஃபாய்டில் காய்ச்சல் அளவுக்கு நாடி ஏறாது, அதனால் சூடு குறைந்து நாடி எகிறினால் எங்களுக்குச் சந்தேகம் வரும். வீட்டில் யார் நாடி பார்க்கிறார்கள்? நெற்றியைத் தொட்டுப் பார்த்துச் சரியாகிவிட்டது என்று நிம்மதி ஆகிவிடுவார்கள். வலி மாத்திரை வேறு போட்டிருந்தால் வலியும் மங்கலாகத் தெரியும். ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் வயதானவர்களுக்கும் இதைவிட மோசம், வயிறு இறுகாமலே உள்ளே சீழ் கட்டிக்கொண்டிருக்கும்.

விளக்கெண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. பாட்டியை யாரும் திட்ட வேண்டாம், அந்தத் தலைமுறைக்கு அதுதான் தெரியும். ஆனால் என்னவென்று தெரியாத கடும் வயிற்று வலிக்குப் பேதி மருந்தோ எனிமாவோ கொடுக்கவே கூடாது. குடலை வேகமாக அசைய வைத்தால் ஓட்டை வழியாக இன்னும் கொட்டும்.

பை பற்றி ராத்திரி எழுதுகிறேன். அதற்கு நீளமாகப் பேச வேண்டும்.

புல்லட் தம்பி

டாக்டர் சார், ஓட்டைக்கு டைஃபாய்டு மட்டும்தான் காரணமா? எனக்கும் சிறுகுடலில் ஓட்டை விழுந்தது, காய்ச்சல் எதுவும் இல்லை. வாளையார் தாண்டி ரோட்டில் மாடு குறுக்கே வந்தது, வண்டி கவிழ்ந்து ஹேண்டில்பார் முனை தொப்புளுக்கு மேலே குத்தியது. வெளியே சின்ன சிராய்ப்புதான். முதலில் காட்டிய இடத்தில் ஸ்கேனில் ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம் என்று அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வாந்தி, நடக்கவே முடியாத வலி. வேறு ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்தபோது மேல்பக்கச் சிறுகுடலில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குக் கிழிசல். தைத்து மூடிவிட்டார்கள். எனக்குப் பை வைக்கவில்லை.

ஓய்வுபெற்ற கத்தி

புல்லட் தம்பி கேட்டது நல்ல கேள்வி.

ஹேண்டில்பார், சீட் பெல்ட், மாடு முட்டுவது, மரத்திலிருந்து விழுவது எல்லாம் ஒரே கணக்கு. முன்னால் வரும் அடிக்கும் பின்னால் இருக்கும் முதுகெலும்புக்கும் நடுவில் குடல் நசுங்குகிறது. சிறுகுடல் முழுக்க வயிற்றுக்குள் அசைந்துகொண்டிருக்கும், ஆனால் தொடக்கத்திலும் கடைசியிலும் பின்சுவரோடு கட்டுண்டு இருக்கும். நகர முடியாத அந்த இரண்டு முனைகளுக்குப் பக்கத்தில் அடிக்கடி கிழியும். சில சமயம் அன்றைக்குக் கிழியாது. அடிபட்ட இடம் கன்றி, ரத்த ஓட்டம் இல்லாமல் ஓரிரு நாள் கழித்து உடையும்.

முதல் ஸ்கேனில் தெரியாமல் போவதும் நடக்கக்கூடியதுதான். இரைப்பையைப் போலச் சிறுகுடலில் காற்று அதிகம் இருக்காது. அதனால் ஓட்டை இருந்தும் எக்ஸ்ரேயில் உதரவிதானத்துக்குக் கீழே, ஓட்டை வழியாகக் கசிந்த பிறைவடிவக் காற்று தெரியாமல் போகலாம். சிடி ஸ்கேன் எக்ஸ்ரேயைவிட எவ்வளவோ மேல், ஆனால் அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் அதுவும் ஏமாற்றும். அதனால்தான் வயிற்றில் பலமாக அடிபட்டவரைப் படுக்க வைத்து, சில மணிக்கு ஒரு முறை, முடிந்தால் அதே டாக்டர் வயிற்றைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது. ஸ்கேன் நார்மல் என்ற காகிதத்தைவிட அந்தக் கை எனக்கு முக்கியம். என் காலத்து ஆள் பேசுகிறான் என்று இளைய டாக்டர்கள் சிரிக்கலாம், பரவாயில்லை.

மற்ற காரணங்களும் உண்டு. காசநோய். குரோன்ஸ் என்ற நாள்பட்ட அழற்சி. தொடர்ந்து டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை எடுத்தால் சிறுகுடலிலும் புண் வரும், இது பலருக்குத் தெரியாது. குடலிறக்கத்தில் மாட்டி நெரிபட்ட குடல், பழைய ஆபரேஷன் ஒட்டுதலில் முறுக்கிக்கொண்ட குடல், நிணநீர்ப் புற்று. இதயத் துடிப்பு ஒழுங்கில்லாதவருக்கு ரத்தக்கட்டி போய்க் குடலின் ரத்தக் குழாயை அடைத்தால் குடல் கறுத்து அழுகிவிடும். அதில் மட்டும் ஆரம்பத்தில் வயிறு இறுகாமல் மெத்தென்று இருக்கும், ஆள் மட்டும் வலியில் துடிப்பார். இந்தப் பொருத்தமின்மைதான் அடையாளம்.

கோவிந்தாபுரம் ரோடு

மீன் முள்ளை விட்டுவிட்டீர்களே டாக்டர். எங்கள் பெரியம்மாவுக்கு அதுதான். பல்செட் போட்டவர். முள் விழுங்கியதே அவருக்குத் தெரியாது.

ஓய்வுபெற்ற கத்தி

உண்மை. பல்செட் மேலண்ணத்தை மூடியிருப்பதால் முள் வாயில் உறுத்துவது தெரியாது. முள், கோழி எலும்பு, பல்குத்தும் குச்சி எல்லாம் மேலே தப்பித்தாலும் இலியம் குறுகி முடியும் இடத்தில் வந்து குத்தும். சிடியில் சாய்ந்த வெள்ளைக் கோடாகத் தெரியும், தேடினால்தான் கண்ணில் படும்.

குடியாத்தம் ரோடு

தலைப்பில் சித்தூர் என்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன். நான் ஆந்திராச் சித்தூர்! பாலக்காட்டுச் சித்தூர் என்று பாதியில்தான் புரிந்தது. பரவாயில்லை, வந்ததும் வந்தேன், எங்கள் கதையும் இதேதான்.

அப்பாவுக்கு ஒரு வருஷமாகவே சாப்பிட்டால் வயிறு உப்பி, குடல் உருளுவது வெளியே தெரியும். எடை குறைந்துகொண்டே போனது. ஒரு நாள் திடீர் வலி. வேலூர் எங்களுக்குப் பக்கம் என்பதால் அங்கே கொண்டுபோனோம். குடல் ஒரு இடத்தில் சுருங்கி, அதற்கு மேலே உப்பி உடைந்திருக்கிறது என்று சொல்லி அந்தப் பகுதியையே வெட்டி எடுத்து இரண்டு முனையையும் இணைத்தார்கள். வெட்டியதை பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். ரிசல்ட் டிபி. நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாக இருந்தது, இருமலே கிடையாது. வயிற்றில் டிபி வரும் என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும்.

ஆறு மாதம் மாத்திரை. டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் திட்டத்தில் பெயர் பதிந்தால் சத்துணவுக்கு மாதம் 500 ரூபாய் வந்துகொண்டிருந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000 ஆக்கினார்கள். அதனால் கொழிஞ்சைக்காரரே, உங்கள் மாமாவுக்கு பயாப்ஸி எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். ஓட்டையை மூடிவிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்துவிட்டால் காரணம் உள்ளேயே இருந்துவிடும்.

ஓய்வுபெற்ற கத்தி

சித்தூர்க்காரர் சொன்னதை நான் முதல் பதிவிலேயே எழுதியிருக்கலாம், அவ்வளவு முக்கியம். ஓட்டையின் ஓரத்திலிருந்து சிறு துண்டாவது எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பாமல், நோயால் விழுந்த எந்தச் சிறுகுடல் ஓட்டையையும் மூடக் கூடாது. பக்கத்து நெறிக்கட்டி பெரிதாக இருந்தால் அதிலும் ஒன்று.

கண்ணால் பார்த்தே ஓரளவு ஊகிக்கலாம். டைஃபாய்டுப் புண் குடலின் நீளவாட்டில், ரத்தக் குழாய் வந்து சேரும் ஓரத்துக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். டிபி புண் குறுக்குவாட்டில் குடலைச் சுற்றி வளைக்கும், ஆறும்போது தழும்பாகிக் குடலை இறுக்கும். இருந்தாலும் ஊகத்தின் பேரில் ஆறு மாத மாத்திரை ஆரம்பிக்க முடியாது, ஊகத்தின் பேரில் விட்டுவிடவும் முடியாது.

பனங்காட்டு நரி

மாமாவுக்கு டைஃபாய்டுக்கான ரத்தப் பரிசோதனை, அந்த விடால் டெஸ்ட், நெகட்டிவ் என்று இவரே வேறொரு இழையில் எழுதியிருந்தார். பிறகு எப்படி டைஃபாய்டு என்கிறீர்கள்?

ஓய்வுபெற்ற கத்தி

விடாலை நம்பி எதையும் முடிவு செய்யாதீர்கள். டைஃபாய்டு பரவலாக இருக்கும் ஊரில் நோய் இல்லாதவருக்கும் பாசிட்டிவ் வரும், நோய் உள்ளவருக்கு நெகட்டிவும் வரும். முதல் வாரத்தில், ஆன்டிபயாடிக் தொடங்கும் முன் எடுத்த பிளட் கல்ச்சர்தான், அதாவது ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்ப்பதுதான், நம்பகமானது. மெடிக்கல் ஷாப்பில் கிடைத்ததைப் போட்டுக்கொண்டு மூன்றாவது வாரத்தில் வருபவருக்கு அதிலும் கிருமி வளராமல் போகலாம். நான் டைஃபாய்டு என்று முடிவு சொல்லவில்லை. கதை பொருந்துகிறது என்கிறேன்.

சரி, பைக்கு வருகிறேன்.

குடல் ஓட்டையோடு ஒருவர் வந்ததும் நேராகக் கத்தியை எடுப்பதில்லை. அவர் உடம்பில் நீர் வற்றியிருக்கும், ரத்த அழுத்தம் இறங்கியிருக்கும், சிறுநீர் வராது. டிரிப்ஸ், மூக்கு வழியாக இரைப்பைக்கு ஒரு ட்யூப் (ரைல்ஸ் ட்யூப்), சிறுநீருக்கு ஒரு ட்யூப், பலவகைக் கிருமிகளையும் அடிக்கும் ஆன்டிபயாடிக். கிருமித் தொற்றால் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில், அதாவது செப்சிஸ் ஷாக்கில், இருப்பவருக்கு முதல் ஒரு மணி நேரத்துக்குள் அந்த ஊசி போக வேண்டும். இந்த இரண்டு மூன்று மணி நேரத்தை "ஆபரேஷன் செய்யாமல் இழுத்தடிக்கிறார்கள்" என்று வெளியே நிற்பவர்கள் நினைப்பார்கள். உண்மையில் மயக்க மருந்தைத் தாங்கும் அளவுக்கு ஆளைத் தயார் செய்கிறார்கள்.

அப்புறம் நடுவயிற்றில் நீளமாகத் திறப்போம். அனுபவம் உள்ள இடங்களில், ஆள் நிலையாக இருந்தால் சிறு துளை வழியாக, லேப்ராஸ்கோப்பியிலும் செய்கிறார்கள். திறந்ததும் சீழையும் குடலிலிருந்து கொட்டியதையும் உறிஞ்சி எடுப்போம். பிறகு சிறுகுடலைத் தொடக்கத்திலிருந்து பெருங்குடல் சேரும் இடம் வரை இரண்டு கையாலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்போம். ஒரு ஓட்டை கிடைத்ததும் நிறுத்திவிடக் கூடாது. டைஃபாய்டில் இரண்டாவது, மூன்றாவது இருக்கலாம். கத்திக்குத்தில் உள்ளே போன வழி ஒன்று, வெளியே வந்த வழி ஒன்று என்று பெரும்பாலும் இரட்டைப்படையில் இருக்கும், ஒற்றைப்படையில் எண்ணிக்கை வந்தால் இன்னொரு முறை தேடுவோம். கடைசியில் வெதுவெதுப்பான சலைன் லிட்டர் கணக்கில் ஊற்றிக் கழுவுவோம்.

ஓட்டையை என்ன செய்வது என்பது அதற்கு நடுவில், டேபிளில்தான் முடிவாகும். சின்ன ஓட்டை, சுற்றியுள்ள சுவர் ஆரோக்கியம், ஆள் நிலையாக இருக்கிறார் என்றால் ஓரத்தைச் சீவிவிட்டுத் தைக்கலாம். நீளவாட்டு ஓட்டையைக் குறுக்குவாட்டில் தைப்போம், அப்போதுதான் குடலின் உள்வழி குறுகாது. புல்லட் தம்பிக்குச் செய்தது இது. பக்கத்து பக்கத்தில் பல ஓட்டை, பாதிச் சுற்றளவுக்கு மேல் கிழிசல், சுருக்கம், கறுத்த குடல் என்றால் அந்தத் துண்டையே எடுத்துவிட்டு முனைகளை இணைக்க வேண்டும். சித்தூர்க்காரரின் அப்பாவுக்குச் செய்தது அது.

இவை இரண்டுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. தையல் பிடிக்க வேண்டும். சீழில் ஊறிய குடல் நனைந்த அப்பளம் மாதிரி இருக்கும், ஊசி போன வழியே கிழியும். ரத்த அழுத்தம் மருந்தில் நிற்கிறது, ரத்தத்தில் இருக்கும் அல்புமின் என்ற புரதம் இறங்கிக் கிடக்கிறது, ஓட்டை விழுந்து ஒரு ராத்திரி போய்விட்டது என்றால் அந்தத் தையல் ஐந்தாம் ஆறாம் நாள் விடலாம். ஏற்கெனவே ஒரு முறை சீழில் கிடந்த உடம்பில் இரண்டாவது முறை கசிந்தால் பலர் பிழைப்பதில்லை. அதனால் குடலை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து விடுகிறோம். இலியாஸ்டமி என்பது இதைத்தான். உள்ளே கசிய இனி எதுவும் இல்லை.

ஆக, கைமீறிப் போனதால் பை வைத்தார்கள் என்பது தலைகீழான பேச்சு. கைமீறிப் போகாமல் இருக்க வைத்தது அது. அவசரத்தில் வைக்கும் இப்படிப்பட்ட பையைப் பெரும்பாலும் திரும்ப எடுத்துவிடுகிறோம். ஆயுசுக்கும் என்று சொன்ன சொந்தக்காரரை அத்தை பக்கம் கொஞ்ச நாள் விடாதீர்கள்.

கொழிஞ்சைக்காரன்

டாக்டர் சார், இதை அப்படியே அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கைகூப்பச் சொன்னார்.

எப்போது எடுப்பார்கள் என்று மட்டும் சொல்லுங்கள். இன்னொன்று, நடுவயிற்றுக் காயத்தில் தோலைத் தைக்காமல் திறந்தே விட்டு தினமும் கட்டுப் போடுகிறார்கள். அது சரியா?

ஓய்வுபெற்ற கத்தி

தோல் விஷயம் சரிதான். உள்ளே பலம் கொடுக்கும் தசைநார் அடுக்கைத் தைத்திருப்பார்கள். அழுக்கான வயிற்றில் தோலையும் மூடினால் கீழே சீழ் கட்டும், அதனால் சில நாள் திறந்து வைத்துச் சுத்தமானபின் மூடுவது வழக்கம். திடீரென்று கட்டு நனையும் அளவுக்கு வெளிர் சிவப்பு நீர் வந்தால் மட்டும் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள், உள் தையல் விடுவதற்கு அது முன்னறிவிப்பாக இருக்கலாம்.

பையை எடுப்பது பொதுவாக 8 முதல் 12 வாரம் கழித்து. எடை ஏறியிருக்க வேண்டும், ரத்தமும் அல்புமினும் தேறியிருக்க வேண்டும், உள்ளே வீக்கம் வடிந்திருக்க வேண்டும். கீழ்ப்பக்கக் குடலில் மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்து அடைப்போ சுருக்கமோ இல்லை என்று பார்த்துவிட்டு மூடுவார்கள். பயாப்ஸியில் டிபி வந்தால் முதலில் அந்த மாத்திரை தொடங்க வேண்டும்.

வார்டு சிஸ்டர்

நான் பாலக்காட்டில் சர்ஜரி வார்டில் ஸ்டாஃப் நர்ஸ். கொழிஞ்சைக்காரத் தம்பி, டாக்டர் சொன்ன 8 முதல் 12 வாரம் வீட்டில்தான் கழியும். அதைப் பற்றி யாரும் சொல்வதில்லை.

சிறுகுடலிலிருந்து வருவது தண்ணீராக, செரிமான நீரோடு வரும். தோலில் பட்டால் வெந்துவிடும். அதனால் பையின் ஒட்டும் தட்டில் வெட்டும் ஓட்டை, குடல் முனையைவிட 2, 3 மில்லிமீட்டர் மட்டும் பெரிதாக இருக்கட்டும். முனையின் வீக்கம் முதல் 6, 8 வாரத்தில் வடிந்து சிறியதாகும், அதனால் முதல் நாள் அளவையே கடைசி வரை வெட்டாதீர்கள், அடிக்கடி அளந்து வெட்டுங்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்யுங்கள். முழுக்க நிறையவிட்டால் கனத்தில் பிய்ந்துகொண்டு வரும், அதுவும் ராத்திரி இரண்டு மணிக்கு! சிவந்து ஈரமாக இருக்கும் முனையைப் பார்த்து அத்தை பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான குடலின் நிறம் அது. தொட்டால் வலிக்காது, துடைக்கும்போது துளி ரத்தம் வரும். கறுத்தாலோ வெளுத்தாலோ வாருங்கள்.

நம் ஊரில் நான் தினமும் சண்டை போடுவது இளநீருக்காக. பார்க்க வருபவர் எல்லோரும் ஒரு குலை கொண்டுவருவார்கள். இலியாஸ்டமியில் உடம்பு இழப்பது முக்கியமாக உப்பு, அதாவது சோடியம். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வெறும் தண்ணீரைக் குடம் குடமாகக் குடித்தாலும் அதே பிரச்சினை, இன்னும் அதிகமாக வெளியேறும். ஓஆர்எஸ் பாக்கெட்டை ஒரு லிட்டரில் முழுதாகக் கரைத்துச் சிறுகச் சிறுகக் கொடுங்கள். உப்புப் போட்ட கஞ்சி நல்லது. ஒரு நாளில் ஒன்றரை லிட்டருக்கு மேல் பையில் வந்தால், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தால், கால் ஆடுசதை இழுத்துக்கொண்டால் காத்திருக்க வேண்டாம். கிட்னி கெட்டுப் போய் வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குழைந்த சோறு, தயிர், வாழைப்பழம், முட்டை, முள்ளில்லாத மீன் எல்லாம் தரலாம். முதல் ஆறு வாரத்துக்குத் தேங்காய்ச் சில்லு, பனங்கிழங்கு, பலாச்சுளை, சோளம், முருங்கைக்காய்ச் சக்கை வேண்டாம். நார் திரண்டு குடல் முனையின் வாய் அடைத்துவிடும்.

கோவிந்தாபுரம் ரோடு

கேரளா ரேஷன் கார்டு வைத்துக்கொண்டு கோவையில் படுத்தால் இன்ஷூரன்ஸ் கிடைக்குமா சிஸ்டர்? பார்டர் ஊரில் எல்லோருக்கும் இதே தலைவலி. சாலைக்கு இந்தப் பக்கம் ஒரு சர்க்கார், அந்தப் பக்கம் ஒரு சர்க்கார்.

வார்டு சிஸ்டர்

கார்டைப் பொறுத்தது. தமிழ்நாட்டு முதலமைச்சர் காப்பீட்டுக்கு அந்த மாநிலக் குடும்ப அட்டை வேண்டும். நம்முடையது காருண்யா ஆரோக்ய சுரக்ஷா. அதில் மத்திய அரசின் ஆயுஷ்மான் பட்டியலில் உள்ள குடும்பம் என்றால் வெளி மாநிலத்தில் அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியிலும் செல்லும். இப்போது அட்மிஷனில் இருக்கும்போதே காப்பீட்டு கவுண்டரில் ஆதாரையும் கார்டையும் காட்டிக் கேளுங்கள். டிஸ்சார்ஜ் பில் போட்டபிறகு கேட்டால் பலன் இல்லை. மூடும் ஆபரேஷன் தனி அட்மிஷன், அதை எங்கே செய்வது என்று முன்கூட்டியே யோசித்து வையுங்கள்.

கொழிஞ்சைக்காரன்

புது விவரம். பயாப்ஸி வந்துவிட்டது. டிபி இல்லை, புற்றும் இல்லை, டைஃபாய்டுப் புண்ணோடு ஒத்துப்போகிறது என்று எழுதியிருக்கிறார்கள். ஆன்டிபயாடிக் இன்னும் சில நாள் தொடரும். டிஸ்சார்ஜ் பற்றிப் பேசுகிறார்கள். சிஸ்டர் அக்கா சொன்ன மாதிரி அட்டையில் வட்டம் வெட்டி அளவு பார்த்து வைத்திருக்கிறேன். கவுண்டரில் கேட்டேன், ஆயுஷ்மான் பட்டியலில் பெயர் இருக்கிறது.

பனங்காட்டு நரி

ஆக டைஃபாய்டு. கள்ளுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று டாக்டர் எழுதித் தரட்டும், நான் ஒத்துக்கொள்கிறேன்.

ஓய்வுபெற்ற கத்தி

எழுதித் தர மாட்டேன், ஏனென்றால் நீங்கள் சொன்னதைத் திருப்பிப் போட்டால் ஒரு சம்பந்தம் இருக்கிறது.

கள் குடலில் ஓட்டை போடாது. டைஃபாய்டு கிருமி மனிதனைத் தவிர வேறு எதிலும் குடியிருப்பதில்லை. ஒருவர் மலத்திலிருந்து இன்னொருவர் வாய்க்குத் தண்ணீர் வழியாகவோ கை வழியாகவோ வந்தாக வேண்டும். குணமான பிறகும் சிலருக்குப் பித்தப்பையில் கிருமி தங்கி, எந்தத் தொந்தரவும் இல்லாமல் மலத்தில் வந்துகொண்டிருக்கும். மாமா பிறர் குடிக்கும் பொருளைக் கையாளும் தொழிலில் இருப்பவர். அதனால் வேலைக்குத் திரும்பும் முன் மலக் கல்ச்சர் செய்து சுத்தம் என்று பார்த்துக்கொள்வது நல்லது. அதுவரை பையிலிருந்து வருவதைக் கக்கூஸில் மட்டும் கொட்டி, கொட்டியவர் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். கிணறும் கக்கூஸ் குழியும் எவ்வளவு தூரம் என்று வீட்டில் ஒரு தடவை பாருங்கள். மற்றவர்களுக்கும் காய்ச்சல் இருந்ததா?

கொழிஞ்சைக்காரன்

மாமா பெண்ணுக்குப் போன மாதம் இருந்தது. மருந்து சாப்பிட்டுச் சரியாகிவிட்டது. தடுப்பூசி போடலாமா?

ஓய்வுபெற்ற கத்தி

போடலாம். கான்ஜுகேட் வகை ஒரே டோஸ், நம் ஹைதராபாத்திலேயே தயாராகிறது. 2018இல் உலக சுகாதார நிறுவனம் கொடுத்த பரிந்துரை 6 மாதக் குழந்தை முதல் 45 வயது வரை. பெண்ணுக்குச் சமீபத்தில் காய்ச்சல் வந்திருப்பதால் எப்போது போடுவது என்று குழந்தை டாக்டரிடம் கேளுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைப்பதை ஊசிக்காக நிறுத்திவிட வேண்டாம்.

கொழிஞ்சைக்காரன்

கடைசியாக ஒன்று. மாமா கண் திறந்ததிலிருந்து கேட்பது ஒரே கேள்வி: எப்போது மரம் ஏறலாம்?

ஓய்வுபெற்ற கத்தி

பையோடு ஏறவே கூடாது. மரத்தைக் கட்டிப்பிடித்து ஏறும்போது முழு அழுத்தமும் வயிற்றில், முனை நசுங்கும். பையை மூடிய பிறகும் குறைந்தது மூன்று மாதம் கனம் தூக்காமல் இருக்கட்டும். தோல் திறந்திருந்த நடுக்கோட்டுக் காயத்தில் பின்னால் குடலிறக்கம் வர வாய்ப்பு அதிகம். இருமும்போது அங்கே புடைக்கிறதா என்று பார்த்து, சர்ஜன் கை வைத்துச் சரி என்று சொன்னால் அப்போது யோசிக்கலாம். அதுவரை தோப்பில் கீழே நின்று செய்யும் வேலை ஏதாவது முதலாளியிடம் கேட்டுப் பாருங்கள்.

புல்லட் தம்பி

எனக்கு அந்த இடத்தில்தான் புடைத்தது, வலை வைத்துத் தைத்தார்கள். பெல்ட் வாங்கும்போது பைக்கு ஓட்டை விட்ட பெல்ட் என்று கேட்டு வாங்குங்கள், சாதா பெல்ட் முனையை அழுத்தும்.